எஸ்தரக்கா சோறும் என் அஞ்சு நிமிஷமும்

ரயில்வே கேட் பக்கத்தில் வைத்து என் இடதுகால் செருப்பு அறுந்தது.

வார் பிய்ந்ததும் ஒற்றைக்காலில் தத்திப் போய்ப் பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நல்ல உச்சி வெயில். வெறுங்காலைத் தார் ரோட்டில் வைத்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். "ஆத்தாடி!" என்று ஒரு கத்து. அறுபதைத் தொட்ட மனுசன் நடுரோட்டில் கத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தானே செய்வார்கள்? பார்த்தார்கள்.

கேட் மூடியிருந்தது. ரயிலைக் காணோம். எனக்கு முன்னால் மாயாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். பின்னால் ஜவுளிக்கடை ராஜாமணி அண்ணன், துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் துண்டே நனைந்துபோயிருந்தது. அவருக்கும் பின்னால் என் சம்சாரம் செல்வராணி, குடையோடு. குடை அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பேச்சியம்மா என்கிற வயசான அம்மாவின் தலைக்கு மேலே பிடித்திருந்தாள்.

மாயாண்டி மெதுவாகத் திரும்பி என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன செயலாளரே, அஞ்சு நிமிஷம் ஆயிருச்சா?"

நாங்கள் கிளம்பி நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. பாதித் தூரம்கூட வரவில்லை.

இந்த இடத்தில் என்னைக் கொஞ்ச நேரம் ஒற்றைக்காலிலேயே நிற்க விட்டுவிட்டு நாம் பின்னால் போய் வருவோம். போன வாரம் நான் கடைக்குப் போர்டு மாட்டிய கதையைப் படித்துவிட்டுப் பெரியகுளத்திலிருந்து ஒரு வாசகர் போனில் கூப்பிட்டார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களப் பத்தி நீங்களே ரொம்பப் பீத்திக்கிறீக" என்றார். ஒத்துக்கொள்கிறேன் அய்யா. அதனால் இந்த வாரம் நான் அசிங்கப்பட்ட கதை. இதிலும் கடைசியில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்க்கும், அதை என்னால் தடுக்க முடியாது.

ஊரடங்கில் ஏறிய அண்டா

தேனி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் தெரு. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது எரிந்து போனாலும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை என்னுடையது. தெருவின் கடைசிக் கடை. முருகேசன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். தெருவுக்கு நான் "மோட்டாரு".

தெருவின் நடுவில் எஸ்தரக்காவின் குடோன். அவர் வீட்டுக்காரர் மொத்த மளிகை வியாபாரம் செய்தவர். அவர் போனபிறகு கடை நின்றுவிட்டது, குடோன் மட்டும் மிளகாய் நெடியோடு சும்மா கிடந்தது.

கொரோனா வந்தது. வீடு இருக்கிறவர்களை வீட்டுக்குள்ளே இருங்கள் என்றார்கள். சரி. வீடு இல்லாதவன் எதற்குள்ளே இருப்பான்? பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள், ஐயப்பன் சீசனுக்கு வேலைக்கென்று வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள், வீட்டில் சேர்க்காத பெண்கள். ஓட்டல் இல்லை, டீக்கடை இல்லை, கை நீட்டினால் போடுவதற்கு ரோட்டில் ஆளே இல்லை.

மூன்றாம் நாள் எஸ்தரக்கா குடோனைத் திறந்துவிட்டார். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். அவர் குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து பேசினாலே போதும்.

"மோட்டாரு தம்பி, நீ வெளிய போக பாஸ் வச்சிருக்கேல்ல? வர்றப்ப காய்கறி ஏத்திட்டு வா."

விவசாய மோட்டார் ரிப்பேருக்குப் போக என் வண்டிக்கு அனுமதி இருந்தது. மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு சம்சாரி தன் தோட்டத்துத் தக்காளியை விற்க வழியில்லாமல் ரோட்டோரம் கொட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, "கொட்டாதய்யா, என் வண்டியில கொட்டு" என்றேன். முதல் நாள் சாப்பாடு தக்காளிச் சோறு. இரண்டாம் நாளும் தக்காளிச் சோறு. ஒரு வாரம் தக்காளிச் சோறுதான். ஓடைப்பட்டியில் ஒருத்தர் பன்னீர் திராட்சை மூன்று பெட்டி ஏற்றிவிட்டார். ரசஞ்சோற்றுக்குத் திராட்சையைத் தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக வைத்த ஊர், எனக்குத் தெரிந்து, எங்கள் தெரு ஒன்றுதான்.

ராஜாமணி அண்ணன் அரிசி கொடுத்தார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகிற சண்டையில் அவரை நீங்கள் வில்லன் ஆக்கிவிடக் கூடாது.

ஊரடங்கு போனது. அண்டா இறங்கவில்லை. தினமும் மத்தியானம் ஒரு வேளை. எஸ்தரக்கா மூடியைத் திறக்கும்முன் கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்னைக்கும் அளவு பத்தணும்" என்று ஒரே வரியில் ஜெபம் செய்வார். செல்வராணி காலையில் போய்க் காய் நறுக்குவாள். எங்கள் வீட்டில் அன்று என்ன குழம்பு என்று எனக்குத் தெரியாது, எஸ்தரக்கா குடோனில் என்ன குழம்பு என்று தெரியும். அந்தச் சாம்பார் வாசனை காயிலுக்கு அடிக்கிற என் கடை வார்னிஷ் நெடியைத் தாண்டி வந்து மூக்கைப் பிடிக்கும்.

புதுச்சேலையில் கொட்டிய சாம்பார்

குடோனில் சமைக்கலாம், உட்கார இடம் கிடையாது. வரிசை தெருவில்தான் நிற்கும். குடோனை ஒட்டி ராஜாமணி அண்ணன் கடை. ஆக, வரிசை அவர் வாசலில்.

ஒரு முகூர்த்த மாதம். சின்னமனூரிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. சேலை எடுத்து, பையோடு வெளியே வருகிறார்கள். வரிசையில் ஒரு தள்ளுமுள்ளு. யாரோ ஒருத்தர் தட்டு சாய்ந்து சாம்பார் முழுக்கச் சேலைப் பை மேலே. பெண்ணின் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். முகூர்த்தச் சேலையில் கறை என்றால் எந்த அம்மாவுக்குத்தான் மனசு ஆறும்? ராஜாமணி அண்ணன் வேறு சேலை கொடுத்தார். அதை வாங்காமலே போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தைக் கூட்டினார் அவர். அவர் தலைவர், நான் செயலாளர்.

"நான் சோறு போடாதீகன்னு சொல்லல. அந்தப் பாவத்த நான் செய்யமாட்டேன். ஆனா என் வாசல்ல வேணாம். எங்கனயாவது மாத்துங்க" என்றார்.

அப்போது எழுந்தவன் யார்? நான்தான். பைபாஸ் பக்கம் எனக்கு ஒரு குடோன் உண்டு. பழைய மோட்டார் போட்டு வைத்திருந்தேன். பெரிய இடம், போர்த் தண்ணி இருக்கிறது, ஃபேன் மாட்டலாம். "வாடகை ஒத்தப் பைசா வேணாம். சும்மா எடுத்துக்கங்க" என்றேன்.

கைதட்டினார்கள். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து நானே ஒரு தாளில் வரைபடம் போட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், பைபாஸ், குடோன். பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "தூரம் அஞ்சு நிமிஷம்."

எங்க ஊர் தூரம்

எங்கள் ஊர்க்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லமாட்டார்கள். போடி எவ்வளவு தூரம் என்று கேளுங்கள், "அர மணி நேரம்" என்பார்கள். பஸ்ஸிலா, பைக்கிலா, நடந்தா என்று யாரும் கேட்பதில்லை. பைக்கில்தான் என்று கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். கடைக்காரன் ஒவ்வொருத்தனுக்கும் காலுக்குக் கீழே ஒரு வண்டி ஒட்டிப் பிறந்தமாதிரிதான். பக்கத்துத் தெருவில் டீ குடிக்கப் போகக்கூடக் கிக்கை உதைப்போம்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். வருஷநாட்டுப் பக்கம் ஒரு சம்சாரி போனில் சொன்னார், "ரோட்டுல இறங்குனா பக்கந்தாண்ணே, அந்தா தெரியுது பாருங்க." போய் இறங்கினேன். தெரிந்தது என்னவோ உண்மை. மலைச்சரிவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார் ரூம் தெரிந்தது. வண்டி போகாது. டூல்ஸ் பையைத் தோளில் போட்டு ஏறி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே, அதைச் சொல்லுங்கள்.

வரைபடத்தைச் செல்வராணியிடம் காட்டினேன், பாராட்டுவாள் என்று. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே பார்த்தாள்.

"நீங்க என்னைக்காச்சும் அங்கன நடந்து போயிருக்கீகளா?"

"நான் எதுக்கு நடக்கணும்? வண்டி இருக்குல்ல?"

"ஆமா. வண்டி இருக்கு. உங்களுக்கு."

"இப்ப என்ன சொல்ல வர்ற?"

"வாரவுக போறவுக கிட்டயெல்லாம் சொல்றீகள்ல, தண்ணி கிடக்குற இடத்துலதான் மோட்டார வைக்கணும், மோட்டார் இருக்குற இடத்துக்குத் தண்ணி வராதுன்னு? அந்தப் புத்தி மோட்டாருக்கு மட்டுந்தானா?"

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம். என் சொந்த இடத்தைச் சும்மா தருகிறேன், ஊரே கைதட்டுகிறது, வீட்டில் இப்படி ஒரு வரவேற்பு. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவளும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டமாதிரி தெரியவில்லை.

மண்டபத்தில்

சங்கம் மட்டும் முடிவு செய்தால் சரியில்லை, சாப்பிடுகிறவர்களையும் கூப்பிட வேண்டும் என்று எஸ்தரக்கா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். தெரு முனையிலிருக்கிற சின்னக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். முன்வரிசையில் நாங்கள், பிளாஸ்டிக் சேரில். பின்வரிசைச் சேரெல்லாம் காலி. சாப்பிட வருகிறவர்கள் சேரில் உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். எஸ்தரக்கா கத்தினார்: "ஏலே, சேரு கடிக்காது. உக்காருங்க!" அப்புறம்தான் உட்கார்ந்தார்கள்.

ராஜாமணி அண்ணன் நடந்ததைச் சொன்னார். சேலைக் கதையைச் சொல்லும்போது சாப்பிடுகிறவர்களே "அய்யோ" என்றார்கள். பிறகு நான் எழுந்து வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, ஃபேன், தண்ணி, உட்கார்ந்து சாப்பிட இடம் எல்லாம் விளக்கினேன். "தூரம்னு பாத்தா அஞ்சே நிமிஷம்" என்று முடித்தேன்.

"செயலாளரே, நான் ஒண்ணு கேக்கலாமா?"

மாயாண்டி. மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து வாழைத்தார் சரிந்து முழங்கால் போனது. அதன்பிறகு மூட்டை இல்லை. வெங்காயம் பொறுக்கித் தரம் பிரிப்பார், பூண்டு உரிப்பார், கடை அடைத்தபின் அந்த வாசலிலேயே படுத்துக்கொள்வார். ஒரு நாளைக்கு அவர் வயிறு நிறைகிற ஒரே சாப்பாடு எஸ்தரக்கா சோறுதான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக என் கடையைத் தாண்டிப் போகிற ஆள், பெயர்கூட எனக்குத் தெரியாது.

"இடம் குடுக்குறீக, பெரிய மனசு. கும்பிட்டுக்கிறேன்" என்றார். "நாங்க பன்னெண்டரைக்கு வெங்காய மண்டியில இருந்து வர்றோம். தின்னுட்டு ஒண்ணரைக்கு மறுபடி மண்டிக்குப் போகணும். போகலேன்னா அந்த வேலை வேற ஆளுக்கு. இதுக்குள்ள அங்கன போயிட்டு வந்துரலாமா?"

"தாராளமா வரலாம்."

"அப்ப நாளைக்கு எங்கூட வாங்க. வண்டி வேணாம். நடந்து. நீங்க சொன்ன அந்த அஞ்சு நிமிஷத்த நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன். சரியா இருந்துச்சுன்னா வாயப் பொத்திக்கிட்டு அங்கனயே வந்துர்றோம்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யோசிக்கமாட்டேன்.

"நாளைக்கே போவோம்யா! எஸ்தரக்கா, நாளைக்குச் சோத்த என் குடோனுக்கு அனுப்பிருங்க. நடந்து வந்தே திம்போம்!"

"நானும் வாரேன்" என்றார் ராஜாமணி அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை.

கேட்டுக்கு இந்தப் பக்கம்

இப்போது திரும்ப அந்த ஒற்றைக்காலுக்கு வருவோம்.

தெருவைத் தாண்டவே இருபது நிமிஷம் ஆனது. மாயாண்டி பத்தடி வைப்பார், நிற்பார். அவர் நிற்கிறார் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எதையாவது பார்ப்பதுபோல நிற்பார். ஒரு போஸ்டரை இரண்டு நிமிஷம் பார்த்தார். எஸ்தரக்கா சோற்றுக்கு வருகிற பேச்சியம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. செல்வராணி தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரோட்டோரம் நடக்க இடமில்லை. நடக்க இருந்த இடத்தில் எங்களை மாதிரி கடைக்காரர்களின் வண்டிதான் நின்றது. அதில் ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடையது.

கேட்டில் ரயில் போனது. பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர். திரும்ப ஓட ஆரம்பித்தபோது நான்தான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். அன்றைக்கு அந்த ரயிலைத் திட்டித் தீர்த்தேன்.

கேட் திறந்தது. பேச்சியம்மா நகரவில்லை. கேட் ஓரம் ஒரு வேப்பமரத்தின் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராஜாமணி அண்ணன் பதறிப்போய், "ஆத்தா, இருங்க, ஆட்டோ பிடிக்கிறேன்" என்றார்.

பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்கிறமாதிரிதான் கேட்டார்.

"தெனைக்கும் ஆட்டோவுல போயா சோறு திங்கச் சொல்ற?"

செல்வராணி குடையோடு பேச்சியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க போங்க. போயி உங்க குடோனைப் பாருங்க" என்றாள் என்னிடம். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டு நடப்பது இன்னும் கஷ்டம். வெள்ளைக்கோடு மேலேயே நடந்தேன், அது கொஞ்சம் சூடு கம்மி. மாயாண்டிதான் அதைச் சொல்லிக் கொடுத்தார். அவர் காலிலும் செருப்பு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

குடோனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஃபேன் ஓடியது. தண்ணீர் வந்தது. எஸ்தரக்கா அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றார். எல்லாம் நான் சொன்னமாதிரியே இருந்தது. சாப்பிடத்தான் எங்களைத் தவிர ஆள் இல்லை. மற்றவர்கள் யாரும் வரவில்லை.

மாயாண்டி சுற்றிலும் பார்த்தார். "நல்ல இடம்" என்றார். கிண்டல் இல்லை. "நெசமாவே நல்ல இடம் செயலாளரே. ஆனா மண்டியில என் வேலை போயிருக்கும்."

அவர் சாப்பிட்டார். வாழ்க்கையில் நான் எத்தனையோ மோட்டாரைப் புகைய விட்டிருக்கிறேன், கஸ்டமரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி வெட்கப்பட்டதில்லை. வரைபடத்தில் ஒரு கோடு இழுத்து, ஒரு மனுசனின் அரை நாள் வேலையையும் ஒரு அம்மாவின் சோற்றையும் அழித்திருக்கிறேன், அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

ராஜாமணி அண்ணன் ஒரு தூக்குவாளியை எடுத்தார். சோற்றையும் குழம்பையும் போட்டு மூடினார்.

"எங்கண்ணே?"

"கேட்டுல அந்தம்மா பசியோட உக்காந்திருக்கு."

"இருங்க, கடைக்குப் போன் போட்டு வண்டி வரச்சொல்றேன்."

"வேணாம். வந்தமாதிரியே போறேன்" என்றார்.

கடை வாசலிலேயே காரில் வந்திறங்கி அங்கேயே ஏறுகிற மனுசன், தூக்குவாளியோடு அந்த வெயிலில் திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் தெருவைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு பெருமை என்று கேட்கிறவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை, இதைத்தான் சொல்வேன்.

யார் நகர்வது?

அன்று சாயங்காலம் ராஜாமணி அண்ணன் கடையிலேயே மறுபடி கூடினோம். சேலை விரித்துக் காட்டுகிற பாயில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். என் உள்ளங்காலில் கொப்புளம். செல்வராணி விளக்கெண்ணெய் தடவிவிட்டிருந்தாள், பேசாமல்தான்.

வெங்காய மண்டிக்காரரிடம் அண்ணனே போய்ப் பேசி மாயாண்டிக்கு மறுநாள் வேலையை வாங்கி வைத்திருந்தார். அது ஒன்று தீர்ந்தது.

"பைபாஸ் வேணாம். அந்தப் பேச்ச விட்டுரலாம்" என்றார் அண்ணன். "ஆனா நான் மறைச்சுப் பேசமாட்டேன். என் வாசல்ல வரிசை நிக்கிறதும் நடக்காது. எனக்கும் பொழப்பு இருக்கு. இதுக்கு ஒரு வழிய நீங்கதான் சொல்லணும்."

நியாயம்தான்.

வரிசை நிற்க முற்றம் வேண்டும். பின்பக்கம் வழி வேண்டும். தெருவிலேயே இருக்க வேண்டும். அப்படி ஒரு இடம் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று உண்டு. மோட்டார் இறக்கி ஏற்றப் பெரிய முற்றம், பின்பக்கச் சந்துக்கு ஒரு கேட். எல்லோருக்கும் தெரியும். எஸ்தரக்காவுக்கும் தெரியும். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்டமாதிரி ஆகிவிடும் என்று அத்தனை பேரும் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருஷக் கடை. முதல் காயில் கட்டியது அங்கே. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தக் கடை. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி "மோட்டாரு கடை" என்றால் பூக்காரம்மாகூடக் கையைக் காட்டுவார். அதை விட்டுப் பைபாஸில் போய் உட்கார்ந்தால் நான் யார்?

ஆனால் என் கடைக்கு வருகிறவன் எவன்? மோட்டாரைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவன் இல்லையே. மினிவேனில் வருகிறான், டிராக்டரில் வருகிறான். வந்ததும் முதல் பேச்சே, "உங்க தெருவுல வண்டி நிறுத்த எடமே இல்லண்ணே" என்பதுதான். வண்டி இருக்கிறவன் வெளியே போகலாம். நடக்கிறவன் போக முடியாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டைக்குள் ஏறுவதற்கு ஒரு செருப்பு அறுந்திருக்கிறது.

"என் கடைய எடுத்துக்கங்க" என்றேன். "நான் பைபாஸுக்குப் போயிர்றேன்."

எஸ்தரக்கா எழுந்து என் பக்கத்தில் வந்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "தம்பி, கோவத்துல சொல்லலையே?"

"இல்லக்கா. கோவத்துல சொன்னதுக்குத்தான் இன்னைக்குப் பூரா நடந்தேன்."

பின்னாலிருந்து செல்வராணி குரல் வந்தது. "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து பாக்குறேன். இன்னைக்குத்தான் மனுசரு உருப்படியா ஒண்ணு பேசியிருக்காக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதைக் கொப்புளத்தின் மேல் பழி போட்டுவிட்டேன்.

புது ஆள்

கடையைக் காலி செய்தபோது மாயாண்டி வந்தார். தூக்க முடியாது, ஆனால் எதை முதலில் ஏற்ற வேண்டும், எதை எதன் மேல் வைக்கக்கூடாது என்று கம்பை நீட்டி நீட்டிச் சொன்னார். காயில் சுற்றுகிற மிஷினை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றவைத்தார். முடிந்ததும் கையை நீட்டினார்.

"கூலி குடுங்க."

கூலியா என்று கேட்டேன்.

"சோறு எஸ்தரக்கா போடுறாக, திங்கிறோம். அது வேற. வேலை பாத்தா கூலி. உங்க கடைய நீங்க குடுத்ததுக்கு நான் சும்மா வேலை பாத்தா, அப்புறம் நான் யாரு?"

கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

முற்றத்துக்கு ராஜாமணி அண்ணன் தன் செலவில் பந்தல் போட்டார். என் கடைச் சுவரில் கிரீஸ் கறை போகவில்லை, எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. சாம்பார் வாசனைக்கு நடுவில் இன்னும் லேசாக வார்னிஷ் வந்தது.

முதல் நாள் எஸ்தரக்கா கரண்டியை என் கையில் கொடுத்தார். "இன்னைக்கு நீதான் ஊத்தணும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. வெள்ளைச் சட்டை, வேட்டி. ஒவ்வொருத்தரும் வந்து கும்பிடுவார்கள், நான் "அதெல்லாம் வேணாம்" என்று கையை அசைக்க வேண்டும், இதையெல்லாம் முந்தின நாளே மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தேன். வரிசையில் முதலாவதாக நின்றது நான் பார்த்தே இராத ஒரு அம்மா. அன்று காலையில்தான் கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் போல, இடுப்பில் ஒரு துணி மூட்டை. அவருக்குத் தேனியும் தெரியாது, என்னையும் தெரியாது, இது யார் இடம் என்றும் தெரியாது. பசி ஒன்றுதான் தெரியும்.

தட்டை நீட்டினார். நான் சோற்றின் ஓரமாகப் பார்த்துப் பார்த்துக் குழம்பை ஊற்றினேன்.

அந்த அம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்கன புது ஆளாய்யா நீ? குழம்ப நடுவுல ஊத்து. கையை இறுக்கிப் பிடிக்காத, அண்டா நிறையத்தான கெடக்கு?"

பக்கத்தில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்த செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமாத்தா, புது ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, நடுவில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினேன்.